வீட்டு மனையில் மூடிக் கிடக்கும் கிணற்றைத் தேடுவது எப்படி?

ஒரு சித்திரை மாதம். சேலம் கன்னங்குறிச்சியில் ஒரு பழைய வீட்டுக்கு முன்னால் போர்டிகோ போடத் தூண் குழி எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்று குழிகளில் இரண்டரை அடிக்குள்ளேயே கெட்டி மண் வந்துவிட்டது. கடப்பாரை போட்டால் கை அதிர்ந்தது. நாலாவது குழியில் மட்டும் நாலடி தாண்டியும் மண் புட்டு மாதிரி உதிர்ந்து வந்துகொண்டே இருந்தது. உடைந்த நாட்டு ஓடு, அடுப்புச் சாம்பல், ஒரு ரப்பர் செருப்பு. குழிக்குள் நின்ற பையன் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். அது அவன் கையிலிருந்து நழுவி அப்படியே உள்ளே போய்விட்டது. ஐந்தரை அடிக் கடப்பாரை. சற்றுப் பொறுத்து எங்கோ கீழே கல்லில் மோதிய சத்தம் கேட்டது.

அவனைக் கையைப் பிடித்து இழுத்து மேலே போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்காரருக்கு அங்கே கிணறு இருந்ததே தெரியாது. பன்னிரண்டு வருடம் முன்பு வாங்கிய வீடு, விற்றவர் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் தினமும் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் சேலத்தில் வீடு கட்டும் வேலை பார்ப்பவன். என் அப்பா கிணறு வெட்டும் வேலையில் இருந்தவர். அந்தச் சித்திரைக்குப் பிறகு எந்த மனையில் வேலை எடுத்தாலும் முதல் நாளே கிணற்றைத் தேடிவிட்டுத்தான் கடப்பாரை எடுக்க விடுவேன். எப்படித் தேடுகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். பழைய வீடு வாங்கியவர்கள், தாத்தா வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்கள், தோட்டத்தைப் பிரித்துப் போட்ட மனையில் இடம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது வேண்டும்.

சேலத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடையது பாறை பூமி. மேலே சில அடி செம்மண், அதற்குக் கீழே பாறை மக்கிப்போன கரட்டு மண், அப்புறம் கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது அந்த மக்கிய பாறையிலும் பாறை வெடிப்புகளிலும்தான். அதனால் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு வெட்டினார்கள். போர் போட ஆரம்பித்ததும் தண்ணீர் கீழே இறங்கியது, கிணறு காய்ந்தது. காய்ந்த கிணறு குப்பைக் குழி ஆனது. ஒருநாள் மேலே நாலு கல் பலகையைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

ஏன் ஒழுங்காக நிரப்பவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அடி அகலம், 40 அடி ஆழம் உள்ள ஒரு சாதாரண வட்டக் கிணற்றை நிரப்ப ஏறக்குறைய 4,500 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 45 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 15 லோடு. அவ்வளவு காசு கொட்டி யார் நிரப்புவார்கள்? அதனால்தான் மூடிய கிணறுகளில் பெரும்பாலானவை மேலே மட்டும் மண், உள்ளே குப்பையும் வெற்றிடமுமாக இருக்கின்றன. குப்பை மக்க மக்க மேல் மண் இறங்கும். கல் பலகைக்குப் பதில் மரத்தைப் போட்டிருந்தால் அது செல்லரித்து ஒருநாள் மொத்தமாக உள்ளே போகும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கடப்பாரையில் அல்ல. மனிதர்களிடம்.

அந்தத் தெருவிலேயே ரொம்ப நாளாக இருக்கிற பெரியவர்களைத் தேடிப் போங்கள். ஆனால் "கிணறு இருந்ததா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பொன்னம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டை இடிக்கும் முன் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்டேன்.

"ஆயா, இந்த வீட்டுல கெணறு இருந்துச்சுங்களா?"

"கெணறு எங்க கண்ணு? இங்க கொழாத் தண்ணிதான்."

விட்டுவிடாமல் வேறு மாதிரி கேட்டேன். "பாவுக்குக் கஞ்சி காய்ச்ச அந்தக் காலத்துல எங்கிருந்துங்க தண்ணி எடுப்பீங்க?"

"அதுவா? அந்த முருங்க மரத்துக்கிட்ட சேந்துவோம். ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணேதான். நடுவுல செவுரு. அந்தப் பக்கம் அவுங்க, இந்தப் பக்கம் நாங்க. ஒரே ராட்டினந்தான் இருந்துச்சு, அதுக்கு நடந்த சண்டை இருக்கே..."

கிணறு என்ற சொல்லுக்கு வராத ஞாபகம், செய்த வேலையைக் கேட்டதும் வந்துவிட்டது. அதனால் இப்படிக் கேளுங்கள்: துணி எங்கே துவைத்தீர்கள், மாட்டுக்குத் தண்ணீர் எங்கே காட்டினீர்கள், கல்யாணத்துக்குப் பந்தி போட்டபோது தண்ணீர் எங்கிருந்து வந்தது, குழந்தைகளை எந்தப் பக்கம் போகக் கூடாது என்று அதட்டினீர்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். அதட்டு வாங்கியவர்கள் அந்த இடத்தை மறப்பதில்லை. பழைய கல்யாண ஆல்பம், மஞ்சள் நீராட்டுப் போட்டோ இருந்தால் வாங்கிப் பாருங்கள். பின்னால் ஒரு ஓரத்தில் கைப்பிடிச் சுவரோ ராட்டினக் கம்பமோ தெரியும். ஜன்னலையும் வாசலையும் வைத்து அது எந்த இடம் என்று பிடித்துவிடலாம்.

இன்னொன்றையும் அந்த ஆயா சொல்லிக்கொடுத்தார். சேலத்தில் அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி நெருக்கமான பகுதிகளில் கிணறு ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, பங்குச் சுவர் நேராகக் கிணற்றின் நடுவில் போகும். உங்கள் பக்கம் அரை வட்டம்தான் கிடைக்கும். முழு வட்டத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள்.

அப்புறம் காகிதம். கையில் இருக்கிற கிரயப் பத்திரம் போதாது, தாய்ப்பத்திரம் வரைக்கும் போகவேண்டும். வில்லங்கச் சான்று போட்டால் முந்தைய பத்திர எண்கள் கிடைக்கும். இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பின்னால் உள்ளவைதான் வரும், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்க வேண்டும். பத்திரத்தில் முதல் பக்கங்களை விட்டுவிடுங்கள். நேராகச் சொத்து விவரத்துக்குப் போய், செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை, எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே வரிவரியாகப் படியுங்கள். "மேற்படி இடத்திலுள்ள கிணற்றில் பொதுவில் பாதி பாத்தியமும்" என்றோ, "கிணறு, துவை கல், தென்னை மரம் சகிதம்" என்றோ ஒரு வரி வரும். நீர் எடுக்க வழிநடைப் பாத்தியம் எழுதியிருந்தால் அந்த வழி எந்தச் சுவரை ஒட்டி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். வழி முடிகிற இடத்தில் கிணறு. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அண்ணன் தம்பி பிரியும்போது கிணற்றைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

தோட்டமாக இருந்து மனையான இடம் என்றால் புல வரைபடத்தை எடுங்கள். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அரசு இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் வரும். கிராமக் கணக்கில் இருந்த கிணறு அதில் குறிக்கப்பட்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பழைய வரைபடத்தில் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருக்கலாம்: 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. அந்தக் காலத்து அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், பயிருக்கு எந்தக் கிணற்றுப் பாசனம் என்று எழுதியிருப்பார்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய விவசாய மின் இணைப்பு ஒன்று இருந்ததா என்பதும் நல்ல தடயம். ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஓடிய இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தே ஆகவேண்டும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களை நகர்த்திப் பார்க்கலாம். தோட்டக் கிணறு என்றால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். வீட்டுக் கிணறு அதில் தெரிவது அபூர்வம்.

தோட்டக் கிணறு வீட்டுக் கிணறு போல் வட்டமாக, சிறியதாக இருக்காது. முப்பதுக்கு முப்பது அடி சதுரமாக வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அதை மூடி மனை போட்டால் மூன்று நான்கு பேருடைய மனைக்கு அடியில் அது கிடக்கும், உங்களுக்கு ஒரு மூலை மட்டும் வரும். அதனால் பக்கத்து மனைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு தேடுங்கள். வடக்கே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாதது தெற்கே அவர் மனையில் பளிச்சென்று தெரியும்.

இனி கண்ணுக்கு வேலை. எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

கிணறு போய்விட்டாலும் அதை வைத்துச் செய்தவையெல்லாம் அப்படியே இருக்கும். பழைய வீட்டின் சமையலறைப் பின்வாசலில் நில்லுங்கள். குடத்தோடு அந்த அம்மா எந்தப் பக்கம் நடந்திருப்பார்? படிக்கல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? துவைகல் கிடக்கிறதா, அதிலிருந்து சலதாரை எந்தப் பக்கம் ஓடுகிறது? தென்னையும் வாழையும் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில்தான் நட்டிருப்பார்கள். சலதாரையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அது தொடங்கும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் கிணறு இருக்கும். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடு என்றால் ஈசானிய மூலையை, அதாவது வடகிழக்கை முதலில் பாருங்கள். கன்னங்குறிச்சி வீட்டில் அதுதான் நடந்திருந்தது. வாசல் கிழக்கே, கிணறு முன்புறம் வடகிழக்கில். நான் அன்றே அதை யோசித்திருந்தால் அந்தப் பையனைக் குழிக்குள் இறக்கியிருக்க மாட்டேன்.

தரையைப் பங்குனி, சித்திரையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை என்று இரண்டு முறை பாருங்கள். மண் போட்டு நிரப்பிய கிணறு என்றால் அந்த வட்டத்தில் மட்டும் புல் கடைசி வரை பச்சையாக நிற்கும், ஏனென்றால் ஆழமான மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கல் பலகை போட்டு மூடியது என்றால் நேர்மாறு: பலகைக்கு மேல் ஒரு சாண் மண்தான், அங்கே புல் முதலில் காயும். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அல்லது மற்ற இடமெல்லாம் தேங்கி நிற்க அங்கே மட்டும் விறுவிறுவென்று உள்ளே இறங்கும். எது நடந்தாலும் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் வெட்ட வெட்ட அரசங்கன்று முளைக்கிறதா? மண்ணுக்கடியில் கல் கட்டு இருக்கலாம். அரசு, ஆல் எல்லாம் கட்டுச் சந்துக்குள் வேரை விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

தோட்ட நிலத்தில் இன்னொன்று. பாறையை வெடி வைத்து எடுத்த கல்லை வெகுதூரம் கொண்டுபோக மாட்டார்கள், கிணற்றைச் சுற்றியே கொட்டுவார்கள். செம்மண் நிலத்தில் திடீரென்று ஒரு கல் மேடு இருந்தால் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் விரல் தடிமனுக்கு நீளமான அரைவட்டப் பள்ளம் இருந்தால் அது வெடி மருந்துக்குத் துளை போட்ட தழும்பு. அந்தக் கல் பூமிக்குள்ளிருந்து வந்தது. கவலை ஓட்டிய கிணறு, அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கிணறு என்றால் மாடு பின்னுக்கும் முன்னுக்கும் போய் வந்த நீளமான சரிவு ஒன்று கிணற்று வாயிலிருந்து வெளிப்பக்கமாக இறங்கும். மண் தள்ளிச் சமப்படுத்தியிருந்தாலும் அந்தச் சரிவின் மிச்சம் பெரும்பாலும் தெரியும்.

ஏமாற்றும் பள்ளங்களும் உண்டு. நெசவாளர் வீட்டில் நீள்சதுரமாக இரண்டு மூன்று அடி ஆழத்தில் மண் இளகி இருந்தால் அது தறிக்குழி. அதன் அடி கெட்டியாக இருக்கும். சாயத்தொட்டி என்றால் மண்ணில் நிறம் தெரியும். செப்டிக் டேங்க் கக்கூஸை ஒட்டி இருக்கும், செங்கல் கட்டு, நீள்சதுரம். ஆனால் செப்டிக் டேங்க் மூடியும் உடைந்து விழும், அதன் மேலும் நிற்காதீர்கள். கருப்பூர், மாமாங்கம் பக்கம் மண்ணில் வெள்ளைக்கல் துண்டு வந்தால் சுண்ணாம்புக் காரை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே மேக்னசைட் இயற்கையாகவே உண்டு. உடைத்துப் பாருங்கள், உள்ளே மணல் தெரிந்தால் அது காரை, யாரோ கட்டியது. வழவழவென்று ஒரே வெள்ளையாக இருந்தால் கல்.

தேங்காய் வைத்து, வேப்பங்குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவர்களைக் கூப்பிடலாமா என்று கேட்பார்கள். நான் கூப்பிடுவதில்லை. நமக்கு வேண்டியது நீரோட்டம் இல்லை, மூடிய குழி. காய்ந்துபோன கிணற்றில் ஓட்டமே இருக்காது.

இப்போது குத்திப் பார்க்கும் வேலை. இதற்கு முன் மூன்று விஷயம். தனியாகச் செய்யாதீர்கள். சந்தேகப்படும் இடத்தின் நடுவில் நிற்காதீர்கள். குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதபடி முதலிலேயே கயிறு கட்டுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்து இறந்ததைத் தமிழ்நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாலு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

கருவி எளியது. 12 எம்.எம். கம்பி, ஐந்தடி நீளம், ஒரு முனை கூர்மையாகத் தட்டி, மறுமுனையில் குறுக்கே ஒரு துண்டு வெல்டிங் வைத்தது. முதல் நாள் சாயங்காலம் தரையை லேசாக நனைத்து வையுங்கள். வறண்ட செம்மண்ணில் கம்பி இறங்காது. மின் கேபிளும் தண்ணீர்க் குழாயும் போகும் வழியைத் தெரிந்துகொண்டு அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து, உறுதியான தரையிலிருந்து தொடங்கி, சந்தேக இடத்தை நோக்கி இரண்டடிக்கு ஒரு குத்து என்று வாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் எப்போதும் ஏற்கனவே குத்திப் பார்த்து உறுதியான இடமாகவே இருக்கவேண்டும். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மரத்திலோ வீட்டுத் தூணிலோ. ஆள் பிடித்துக்கொண்டால் போதும் என்று விடாதீர்கள், விழும் வேகத்தில் அவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

கை சொல்லும். இயற்கை மண்ணில் கம்பி ஒன்றரை, இரண்டு அடியில் இறுகும், அப்புறம் கரகரவென்று நிற்கும். கிணற்றுச் சுவரில் பட்டால் 'ணங்' என்று நின்று கை வலிக்கும். அரை அடி தள்ளிக் குத்தினாலும் அதே ஆழத்தில் நின்றால் அது கட்டு அல்லது பலகை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்றால் தனிக் கல். நிரப்பிய மண்ணில் கம்பி சொத்தென்று இறங்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி இறங்கும். கம்பி சட்டென்று எடை இழந்து போனால் கீழே வெற்றிடம். அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்னால் வந்துவிடுங்கள். சிமெண்ட் தரையாக இருந்தால் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். தெருச் சத்தம் அடங்கிய ராத்திரி பத்து மணிக்குத் தட்டினால் டக் டக் என்பதற்கும் டம் டம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் நன்றாகக் கேட்கும். டைல்ஸ் மட்டும் கலவையை விட்டு எழும்பியிருந்தாலும் டம் என்று கேட்கும். ஆனால் அது அந்த ஒரு டைல்ஸோடு நின்றுவிடும்.

சுவரில் மூன்று இடம் பட்டுவிட்டால் போதும், நடு எங்கே என்று உள்ளே கால் வைக்காமலே கண்டுபிடிக்கலாம். மூன்று இடத்திலும் முளைக் குச்சி அடியுங்கள். முதல் குச்சிக்கும் இரண்டாவதற்கும் நூல் கட்டி, நூலின் சரிபாதியைக் குறித்து, அங்கே மூலை மட்டம் வைத்து, முதல் நூலுக்குச் செங்கோணத்தில் உள்பக்கமாக நேராக இன்னொரு நூலை இழுங்கள். நூலின் மறுமுனையை எதிர்ப்பக்கம் உறுதியான தரையில் நிற்பவர் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டாவது, மூன்றாவது குச்சிக்கும் இதே மாதிரி. உள்ளே போன இரண்டு நூலும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் கிணற்றின் நடு. அங்கிருந்து குச்சி வரை உள்ள தூரம் ஆரம். கன்னங்குறிச்சியில் ஆறே கால் அடி வந்தது. அதற்கு வெளியே இன்னும் நாலடி விட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவி வட்டம் போட்டேன். அந்த வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. இந்தக் கணக்கு வட்டக் கிணற்றுக்குத்தான். சதுரத்துக்கு ஒரு பக்கச் சுவரைப் பிடித்து அதன் நீளத்தோடேயே போய் மூலையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போர் குழியைத் தேடுவது வேறு வேலை. ஆறரை அங்குல வாயைக் கம்பியால் தேடினால் கிடைக்காது. இரும்புக் கேசிங் இருந்தால் வாடகைக்குக் கிடைக்கும் மெட்டல் டிடெக்டர் பிடித்துவிடும், பி.வி.சி. என்றால் பிடிக்காது. காந்த முள்ளை வைத்துத் தேடுவதும் உண்டு, ஆனால் கஞ்சமலைப் பக்கம் அதை நம்பாதீர்கள். அங்கே கல்லிலேயே இரும்புத் தாது, முள் சும்மாவே ஆடும்.

கிணறு அகப்பட்டதும் ஆசை வரும், திறந்து பார்க்கலாம் என்று. பலகையை ஆள் வைத்துத் தூக்காதீர்கள். வெளியே உறுதியான இடத்தில் நிறுத்திய ஜேசிபி கையால் தூக்கட்டும். திறந்த பிறகு யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த குழிக்குள் போதுமான பிராணவாயு இருக்காது, குப்பை மக்கிய விஷவாயு அடியில் தங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கிய தம்பி விழுவார், தம்பியைத் தூக்க இறங்கியவர் விழுவார். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் இறங்கலாம் என்று என் அப்பா காலத்தில் செய்தார்கள். அது போதாது. விளக்கு எரிந்தாலும் விஷவாயு இருக்கலாம், எரியும் வாயு இருந்தால் விளக்கே பற்றவைத்துவிடும். டீசல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டுவதும் அதே மாதிரி ஆளைக் கொல்லும். யாராவது விழுந்துவிட்டால் 101 அல்லது 112. தீயணைப்பு வீரர்கள் மூச்சுக் கருவியோடு வருவார்கள். அவர்கள் வரும்வரை பொறுப்பதுதான் கஷ்டமான வேலை, அதைச் செய்யுங்கள்.

ஆழம் பார்க்க ஒரு கல்லைச் சணல் கயிற்றில் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு மேலிருந்தே இறக்கினால் போதும். நனைந்த நீளம் தண்ணீர், மீதி காலி.

அப்புறம் என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. என் கருத்து, முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதற்குப் புதிதாகக் குழி தோண்டுவதைவிட ஏற்கனவே இருக்கும் கிணறு எவ்வளவோ மேல். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதைக் கிணற்றுக்குள் விடுங்கள். உள்ளே குப்பை இருந்தால் முதலில் தூர் வாரவேண்டும், அதை இந்த வேலை தெரிந்தவர்கள் கருவியோடு வந்து செய்யட்டும். தண்ணீர் ஊறினாலும் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் குடிக்காதீர்கள். மேலே ஆள் நின்றால் தாங்கும் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டுங்கள்.

மூடியே ஆகவேண்டும் என்றால் குப்பையால் மூடாதீர்கள், அந்த அழுக்கு பக்கத்து வீட்டு போரில் போய்ச் சேரும். அடியில் கல், ஜல்லி, மேலே சுத்தமான மண், அடிக்கொரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, கடைசியில் களிமண். இருந்தும் அதன் மேல் தூண் நிறுத்தாதீர்கள். ஒரு பொறியாளரைக் கேட்டு, இரண்டு பக்கமும் உறுதியான தரையில் ஊன்றிக் கிணற்றைத் தாண்டிப் போகிற மாதிரி பீம் போடலாம், அல்லது வரைபடத்தையே மாற்றிக்கொள்ளலாம். கன்னங்குறிச்சிக்காரர் போர்டிகோவை நாலடி தெற்கே தள்ளிக்கொண்டார். கிணற்றைத் தூர் வாரி வைத்திருக்கிறார். அந்தக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 3,475 லிட்டர். போன ஐப்பசி மழைக்கு ஒன்பது அடி நின்றது. கடப்பாரையும் கிடைத்தது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். வீட்டின் இரண்டு நிலையான மூலையிலிருந்து கிணற்றின் நடுவுக்கு டேப் பிடித்து அளந்து, ஒரு தாளில் படம் போட்டு, வட்டத்தின் அகலம், ஆழம், மூடியது எதனால், எந்தத் தேதி என்று எழுதிப் பத்திரப் பைக்குள் வையுங்கள். கன்னங்குறிச்சி வீட்டுத் தாளில் நான் எழுதிக் கொடுத்தது இது: "வடகிழக்குக் காம்பவுண்ட் மூலையிலிருந்து 11 அடி 4 அங்குலம். வீட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து 14 அடி 9 அங்குலம். வட்டம் பன்னிரண்டரை அடி. ஆழம் 43 அடி. மேலே இரும்புக் கிராதி. சாவி சமையலறை ஆணியில்."